கண்ணுக்குப் புலப்படாத கீறல்



பெங்களூரில் வாழும் தமிழன்பர்களுக்கு அல்சூர் வட்டாரம் புதியதன்று. அங்கே கேம்பிரிட்ஜ் லேஅவுட் என்னும் பகுதியில் ஓர் அஞ்சல் நிலையம் இருக்கின்றது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்ற அக்கட்டடம் 1,021 சதுர அடிப் பரப்புடையது. அதன் சுவர்களைக் கொத்தனார் செங்கல் வைத்து எழுப்பவில்லை. யந்திரம் ஒன்று குழைத்த கான்கிரீட்டைக் கோடு கோடாகப் பிழிந்து, ஒரு கோட்டின்மேல் மற்றொரு கோட்டை அடுக்கி எழுப்பிற்று. லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத்தார், சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்களின் துணையோடு, ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் வேலையை முடித்தனர். சேமிப்புக் கணக்குப் புத்தகத்தோடு அங்கே சென்று வரிசையில் நிற்கும் நம்மவர் பலருக்கு, தாம் சாய்ந்து நிற்கும் சுவர் அச்சிட்ட சுவர் என்பது தெரிந்திராது.

இம்முறையை முப்பரிமாண அச்சு என்று கூறுகின்றனர். இளைஞர்கள் த்ரீ-டி பிரிண்டிங் என்பார்கள். இதன் தத்துவம் நம் அடுக்களைக்கு அந்நியமானதன்று. முறுக்கு நாழியில் மாவை இட்டுச் சுற்றிப் பிழிகின்ற தாய்மார், தட்டின்மீது ஒரு சுற்றுக்கு மேல் இன்னொரு சுற்றாகப் பிழிந்து கொண்டே போனால் எவ்வாறு ஒரு கிண்ணம் எழும்புமோ, அவ்வாறே யந்திரமும் பொருளை எழுப்புகின்றது. மாவுக்குப் பதிலாக உருக்கிய பிளாஸ்டிக் இழை இருக்கலாம், கான்கிரீட் இருக்கலாம், அன்றி, மிக நுண்ணிய உலோகத் தூளை மெல்லியதாகப் பரப்பி, லேசர்க் கதிரால் வேண்டிய இடத்தை மட்டும் உருக்கி இறுகச் செய்து, அதன்மேல் மீண்டும் தூளைப் பரப்புவதாகவும் இருக்கலாம். சிற்பி கல்லைச் செதுக்குகின்றான், வேண்டாததைக் கழிக்கின்றான். குளவியோ மண்ணை உருண்டை உருண்டையாகக் கொணர்ந்து கூட்டிக் கூட்டிக் கூடு கட்டுகின்றது. பழைய பட்டறைகள் சிற்பியின் வழியைச் சேர்ந்தவை. இப்புதிய யந்திரம் குளவியின் வழியைச் சேர்ந்தது.

இவ்வழியால் விளையும் சிக்கனம் வியக்கத்தக்கது. திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் பரிசோதனைக் கூடம் இருப்பதை அறிவீர்கள். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் அடுக்குக்கு உரிய எஞ்சின் ஒன்று, இம்முறையில் அச்சிடப்பட்டதாய், அங்கே 665 விநாடி நேரம் எரியவிட்டுச் சோதிக்கப்பட்டது. முன்னர்ப் பதினான்கு உறுப்புகளைச் சேர்த்துச் செய்யப்பட்ட எஞ்சின் இப்போது ஒரே உறுப்பாயிற்று. பத்தொன்பது இடங்களில் பற்றவைக்கும் வேலை இல்லாமற் போயிற்று. 565 கிலோ உலோகக் கட்டிகள் தேவைப்பட்ட இடத்தில், 13.7 கிலோ தூள் போதுமானதாயிற்று. அதே மாதம் 30-ஆம் நாள், சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த அக்னிகுல் என்னும் இளைஞர் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சின் பொருத்திய சிறு ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிற்று.

இவற்றையெல்லாம் எண்ணி மகிழும் வேளையில், நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது சற்றுக் கசப்பான செய்தியாகும். ஒரு பொருள் யந்திரத்திற்குப் போகுமுன் அது எங்கே இருக்கின்றது? கணிப்பொறியில், ஒரு கோப்பாக இருக்கின்றது. அந்தக் கோப்பைத் திருடினால் பொருளையே திருடியது போலாகும். அந்தக் கோப்பில் ஒரு சிறு திருத்தம் செய்தாலோ, திருத்தியவன் பட்டறைப் பக்கமே வராமல், பொருளின் உள்ளே கைவைத்தவனாகின்றான்.

நாம் மத்திய அரசாங்க அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்து வருகின்றோம். கலை பயின்றோமேயன்றி யந்திர நூல் பயின்றோமல்லோம். எனினும், எழுத்தில் நேரும் சிறு மாற்றம் எத்தகைய விபரீதத்தை விளைக்கும் என்பதைத் தொழில் நமக்குக் கற்பித்திருக்கின்றது. பல்லாண்டுகளுக்கு முன் ஓர் ஒப்பந்த விளம்பரத்தை மொழிபெயர்க்கையில், இரும்புத் தகட்டுக் கதவின் கனம் 2.5 மில்லிமீட்டர் என்றிருந்ததை நாம் 25 மில்லிமீட்டர் என்று எழுதிவிட்டோம். மூவர் கையொப்பமிட்டனர், ஒருவர் கண்ணிலும் படவில்லை. நான்காவதாகப் பார்த்த முதிய குமாஸ்தா ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். “இந்தக் கதவைத் திறக்க யானை அல்லவா வேண்டும்!” என்றார். அப்பிழை பிடிபட்டதற்குக் காரணம், அது நகைப்புக்கு இடமாயிருந்ததுதான். 2.5 என்பது 2.3 என்று ஆகியிருக்குமானால் அம்முதியவரும் சிரித்திருக்க மாட்டார்; கதவு நலிந்த கதவாகவே செய்யப்பட்டு எங்கேனும் நின்றிருக்கும். தீங்கு செய்யக் கருதுபவன் 25 என்று எழுத மாட்டான், 2.3 என்றே எழுதுவான்.

அவ்வாறு எழுதிக் காட்டிய பரிசோதனை ஒன்று 2016-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. இஸ்ரேலிலுள்ள பென்-குரியன் பல்கலைக் கழகம், அமெரிக்காவின் தென் அலபாமா பல்கலைக் கழகம், சிங்கப்பூர்த் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக் கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சேர்ந்து இதனைச் செய்தனர். நான்கு சுழல் விசிறிகளால் பறக்கும் ட்ரோன் ஒன்று. அதன் விசிறியை வீட்டிலேயே அச்சிட்டுப் பொருத்தும் ஒருவர். அவருடைய கணிப்பொறிக்கு, சாதாரண ஆவணம் போலத் தோன்றும் இணைப்போடு ஒரு கடிதம் அனுப்பப்பட்டது. இணைப்பைத் திறந்ததும், அனுப்பியவருக்குக் கணிப்பொறியின் உட்கதவு திறந்துவிட்டது. அவர்கள் விசிறியின் வடிவக் கோப்பைத் தேடி எடுத்தனர். விசிறியின் இறக்கை நடுக்குமிழோடு சேரும் மூட்டில், உட்புறமாக, நுண்ணிய இடைவெளிகளை அமைத்தனர். மேற்பரப்பில் ஒரு மாற்றமும் செய்யவில்லை. கோப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியேறினர்.

பின்னர் அவ்விசிறி அச்சாகி வந்தது. நல்ல விசிறியையும் கெட்ட விசிறியையும் அருகருகே வைத்தால் கண்ணுக்கு வேற்றுமை தெரியவில்லை. ட்ரோன் மேலே எழும்பிற்று, பறந்தது. உடனே முறிந்து விழும்படி அவர்கள் செய்திருக்கலாம், செய்யவில்லை. சிறிது நேரம் உழைத்துத் தளர்ந்த பின்னரே மூட்டு விட்டுப் போகும்படி கணக்கிட்டிருந்தனர். இரண்டு நிமிடம் ஆவதற்குள், வேகமாக மேலேறிய தருணத்தில் விசிறி முறிந்தது. ட்ரோன் தரையில் விழுந்து நொறுங்கிற்று. விபத்தை நேரில் கண்டவர் எவரும், பிளாஸ்டிக் மட்டமானது என்றோ, யந்திரம் சரியில்லை என்றோதான் சொல்லியிருப்பார். கோப்பின்மேல் எவருக்குச் சந்தேகம் எழும்?

இங்கே நுட்பமான செய்தி ஒன்று உண்டு. அதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கடைசல் பட்டறையில் ஓர் இரும்புத் தண்டின் நடுவில் எவருக்கும் தெரியாமல் பொந்து அமைக்க இயலுமா? இயலாது, உளி வெளியிலிருந்தே உள்ளே செல்ல வேண்டும், சென்ற வழி தெரிந்துவிடும். வார்ப்படத்தில் காற்றுக் குமிழி தங்குவதுண்டு; ஆனால் அது தற்செயலாக நேர்வது, இன்ன இடத்தில் இன்ன அளவில் என்று எவரும் குறித்து வைத்ததன்று. அடுக்கி எழுப்பும் முறையிலோ, பொருளின் வயிறும் தோலும் ஒருங்கே உருவாகின்றன. எந்த அடுக்கில் எந்த இடத்தை வெறுமையாக விடவேண்டும் என்று கோப்புச் சொல்கின்றதோ, அந்த இடத்தை யந்திரம் விட்டுவிட்டு, அதன்மேல் அடுத்த அடுக்கை இட்டு மூடிவிடுகின்றது. ராக்கெட் எஞ்சினுள் குளிர்ச்சி ஓடும் நுண்ணிய வாய்க்கால்களை அமைக்க உதவுவதும் இதே ஆற்றல்தான். வாய்க்காலுக்கும் பொந்துக்கும் வேற்றுமை யந்திரத்துக்குத் தெரியாது.

வெறுமை விடாமலும் கேடு செய்யலாம். மூங்கில் நீளவாக்கில் எளிதில் பிளக்கும், குறுக்கே வெட்டுவது கடினம் அல்லவா? அச்சிட்ட பொருளும் அத்தகையதே. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையேயுள்ள ஒட்டு, அடுக்கின் குறுக்கே உள்ள வலிமைக்கு ஈடாவதில்லை. ஆகவே ஒரு பொருளைப் படுக்க வைத்து அச்சிடுகின்றோமா, நிற்க வைத்து அச்சிடுகின்றோமா என்பதைப் பொறுத்து அதன் பலம் மாறும். பெரும்பாலோர் கையாளும் எஸ்.டி.எல். என்னும் கோப்பு வகை பொருளின் மேற்பரப்பு வடிவத்தை மட்டுமே கூறும். எப்படிக் கிடத்தி அச்சிடவேண்டும் என்பதைக் கூறாது. அதனை யந்திரம் இயக்குவோரும் அவருடைய கணிப்பொறியும் முடிவு செய்கின்றனர். 2016-இல் நியூயார்க் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த நிகில் குப்தா, ரமேஷ் கர்ரி முதலிய அறிஞர்கள் இவ்வபாயத்தை எடுத்துக் காட்டினர். வடிவம் அணுவளவும் மாறாமல், கிடத்தும் திசை மட்டும் மாறினால், அளவுகோல் வைத்துப் பார்ப்பவர் எதைக் கண்டுபிடிப்பார்?

நம் ஊர்ச் சந்தையில் மண்குடம் வாங்கும் பாட்டிமார் குடத்தை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பர். கணீரென்றால் எடுத்துக் கொள்வர். பொத்தென்றால் திரும்ப வைத்துவிடுவர். விஞ்ஞானிகளும் இதே வழியில், செவிக்கெட்டாத ஒலியலைகளைச் செலுத்தி உட்குறையைத் தேடுகின்றனர். மிகச் சிறிய பொந்துகள் அதற்கும் தப்பிவிடுவதுண்டு. ஆஸ்பத்திரியில் தலைக்கு எடுப்பதைப் போன்ற எக்ஸ்-கதிர்க் குறுக்குவெட்டுப் படம் எடுத்தால் தெரியும். ராக்கெட் உறுப்புகளுக்கும் விமான உறுப்புகளுக்கும் அதனைச் செய்ய வசதி உண்டு. நூறு ரூபாய் விலையுள்ள பற்சக்கரத்துக்கு யார் செய்வார்?

குடத்தைத் தட்டினால் ஒலிக்கும் என்றோம்; அச்சு யந்திரம் தட்டாமலே ஒலிக்கின்றது. அதன் முனையை இப்படியும் அப்படியும் நகர்த்தும் மோட்டார்கள், வேகத்துக்கும் திசைக்கும் ஏற்ப வெவ்வேறு சுருதியில் பாடுகின்றன. 2016-இல் கலிபோர்னியாவின் இர்வைன் நகரப் பல்கலைக் கழகத்தில், முகம்மது அல் ஃபரூக் என்னும் பேராசிரியரின் குழுவினர், யந்திரம் ஒரு சாவி வடிவத்தை அச்சிடும்போது எழுந்த ஓசையைப் பதிவு செய்து, அவ்வோசையிலிருந்தே வடிவத்தைத் திரும்ப உருவாக்கினர். ஏறக்குறைய 90 சதவீதம் சரியாக அமைந்ததாம். சட்டைப் பையிலுள்ள கைபேசி போதும். பட்டறையைச் சுற்றிப் பார்க்க வந்த விருந்தாளி, படம் எடுக்காமலே, பொருளின் வடிவத்தைக் காதுவழியாகக் கொண்டு போய்விடலாம். ஆனால் அதே ஓசை காவலுக்கும் உதவும் என்பது நமக்கு ஆறுதல் தருவது. அடுத்த ஆண்டே ரட்கர்ஸ் பல்கலைக் கழகத்தாரும் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தாரும், நல்ல பொருள் அச்சாகும்போது எழும் ஓசையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பின்னர் ஒவ்வொரு முறையும் அதனோடு ஒப்பிட்டு, தாளம் பிசகினால் எச்சரிக்கும் வழியை வெளியிட்டனர்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் ஆண்டுக்கொரு முறையேனும் பெட்டியும் படுக்கையுமாகப் பயணம் செய்பவர்கள். புதிதாக வாங்கிய பெட்டியின் எண் பூட்டருகே, சாவித்துளை ஒன்றும் சிவப்பு வைரக் குறி ஒன்றும் இருந்தால் கவனியுங்கள். அமெரிக்க விமான நிலையக் காவலர் பூட்டை உடைக்காமல் திறந்து பார்ப்பதற்காக ஏற்பட்ட பொதுச்சாவி முறை அது. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று பயணப் பெட்டிகளைப் பற்றிய கட்டுரையில் அச்சாவிக் கொத்தின் புகைப்படத்தை வெளியிட்டுவிட்டது. 2015-இல் அவற்றின் வடிவக் கோப்புகள் இணையத்தில் உலவின. பலர் அச்சிட்டுப் பூட்டைத் திறந்தும் காட்டினர். சாவியை எவரும் திருடவில்லை. அதன் படத்தை உலகமே பார்த்தது, அவ்வளவுதான். நகையை அப்பெட்டியில் வைத்து அனுப்பாதிருப்பது நலம்.

இதனினும் கொடியது, 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் ஒருவர் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் அச்சிட்ட கைத்துப்பாக்கியின் கோப்பை இணையத்தில் வெளியிட்ட செய்தி. அந்நாட்டு அயலுறவு இலாகா தலையிட்டு நீக்கச் சொல்வதற்குள், இரண்டு நாட்களில், ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அது பிரதி எடுக்கப்பட்டுவிட்டது. நம் நாட்டில், உரிமம் இன்றி ஆயுதம் செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். உலையில் காய்ச்சி அடித்தாலும், அச்சில் பிழிந்து எடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. வேடிக்கை என்று கருதிப் பிள்ளைகள் இதில் கைவைக்காதபடி பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யந்திரம் இணையத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதும் ஓர் அபாயமே. 2023 ஆகஸ்டில், ஒரு நிறுவனத்தின் வீட்டு அச்சு யந்திரங்கள் பல, மையக் கணிப்பொறியில் நேர்ந்த கோளாற்றால், உடையவர் உறங்கிக்கொண்டிருக்கையில் தாமாகவே ஓடத் தொடங்கின. முந்தைய பொருள் எடுக்கப்படாமல் இருக்க, அதன்மேலேயே அடுத்ததைப் பிழிந்து சில யந்திரங்கள் பழுதாயின. 2024 பிப்ரவரியில் வேறொரு நிறுவனத்தின் யந்திரங்களை உடையவர்கள், முன்பின் அறியாத கோப்பொன்று அவற்றில் புகுந்திருக்கக் கண்டனர். “உம் யந்திரத்தின் கதவு திறந்து கிடக்கின்றது, சீர் செய்யும்வரை இணையத்திலிருந்து பிரித்து வையும்” என்னும் கருத்துப்பட எச்சரிக்கை அதில் இருந்தது. வந்தவன் நல்லவனாய் இருந்தான். இருநூறு பாகைக்கு மேல் சூடேறும் யந்திரத்துள் அயலான் ஒருவன் நுழைய முடிந்தது என்பதே நம்மை உறங்கவிடாமற் செய்யத் தக்கது.

பெரிய இடங்களிலேனும் எச்சரிக்கை உண்டா என்றால், 2021 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவின் தலைமைத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை அவ்வளவு நம்பிக்கை தருவதாயில்லை. ஐந்து ராணுவ நிலையங்களில் இருந்த அச்சு யந்திரங்களைத் தணிக்கை செய்ததில், அவை ஒழுங்காகக் காக்கப்படவில்லை என்று கண்டனர். காரணம் எளியது: அங்குள்ளோர் அவற்றைச் சுத்தியல், திருப்புளி போன்ற கருவிகளாகக் கருதினரேயன்றி, தகவலைத் தாங்கும் கணிப்பொறிகளாகக் கருதவில்லை. நம் அரசாங்கமும் 2022 பிப்ரவரியில் இவ்வுற்பத்தி முறைக்கென ஒரு தேசியத் திட்ட அறிக்கையை வெளியிட்டது. ஹைதராபாத்தில் தேசிய மையம் ஒன்றும் ஏற்பட்டிருக்கின்றது. உற்பத்தியைப் பெருக்கும் உற்சாகம் எங்கும் காணப்படுகின்றது. திருப்புளி மனப்பான்மை நம் பட்டறைகளில் இல்லை என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

தில்லியின் ஓக்லா தொழிற்பேட்டையில் அத்தகைய சிறு பட்டறை ஒன்றில் கோவில்பட்டி இளைஞர் ஒருவர் வேலை செய்கின்றார். நம்மை அண்ணாச்சி என்றே அழைப்பார். தாடையில் பல் ஊன்றும் மருத்துவர் துளையிடுவதற்கு வழிகாட்டும் அச்சுகளை அங்கே செய்கின்றார்கள். மருத்துவர் அந்த அச்சை நோயாளியின் பல்வரிசைமேல் பொருத்தி, அதிலுள்ள துளைவழியே கருவியைச் செலுத்துவார். கீழ்த்தாடையினுள் உணர்ச்சி நரம்பொன்று ஓடுகின்றது. துளை ஓரிரண்டு மில்லிமீட்டர் விலகி, அந்நரம்பில் பட்டால், உதடு மரத்துப் போகும். இத்தனை நுட்பமான பொருளின் கோப்பு எப்படி வருகின்றது என்று கேட்டோம். “வாட்ஸ்அப்பில் வரும் அண்ணாச்சி, சில நாள் பையன் பென் டிரைவில் கொண்டு வருவான்” என்றார். நமக்குப் பகீரென்றது.

அவர் நம்மினும் முன்னதாகவே அஞ்சியிருந்தார். ஒரு முறை ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் வந்துவிட்டன. ஒன்று பழையது, மற்றது திருத்தியது. பட்டறையில் பழையதை அச்சிட்டு அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனையில் பணிப்பெண் அதைச் சாந்து மாதிரியின்மேல் வைத்துப் பார்த்தபோது படியவில்லை; அதனால் தப்பித்தது. எவரும் சூது செய்யவில்லை. வெறும் கவனக் குறைவு. படிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணி அன்றிரவு தாம் உண்ணவில்லை என்றார்.

அதன்பின் அவர் ஒரு வழக்கத்தை மேற்கொண்டிருக்கின்றார். கோப்புக்குக் கைரேகை எடுக்கும் கணக்கு முறை ஒன்று உண்டு. எவ்வளவு பெரிய கோப்பாயினும் அதனை அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணுமாகச் சுருக்கித் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ரேகை முற்றிலும் வேறாகிவிடும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. சாதாரணக் கணிப்பொறியே செய்துவிடும். ஆனால் ரேகையைக் கோப்போடு சேர்த்தே அனுப்பினால் பயனில்லை. கோப்பை மாற்றுபவன் ரேகையையும் மாற்றிவிடுவான். ஆகவே ரேகை வேறு வழியாக வரவேண்டும். மருத்துவமனையிலிருந்து அப்பெண் தொலைபேசியில் வாசிப்பார். இவர் தம் கணிப்பொறியில் தோன்றுவதோடு ஒப்பிடுவார்.

ஒரு சனிக்கிழமை காலையில் அதனை அருகிருந்து கண்டோம். நம் அலுவலகத்தில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றொருவர் படியைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் தொடர்ந்து வருவார், அதே காட்சி. பஞ்சாபிப் பெண் அப்புறம், கோவில்பட்டிப் பிள்ளை இப்புறம். பாலமாக இந்தியில் எண்கள். முப்பது எழுத்துக்கள் கடந்த பின்னர், கேட்டது பியா, டியா என்று அவருக்கு ஐயம் எழுந்தது. அப்பெண்ணை நிறுத்தச் சொல்லி, இருவரும் மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்கள். அறுபத்து நான்கும் ஒத்து வந்த பிறகே அவர் யந்திரத்தின் விசையை அழுத்தினார்.